அளத்தின் கதை – 12: ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட்

சென்ற வாரம் பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடியில், மரக்காணத்தில் படகைக் கட்டிவிட்டு நின்றோம். ஆந்திரத்துப் பெத்தகஞ்சத்தில் கிளம்பிய அந்த 420 கிலோமீட்டர் நீர்ப்பாதை முடிகிற இடம் இது. இந்த வாரம் கரையேறி உப்பளத்துக்குள் நடப்போம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிப் பேருந்தில் போகிறவர்களுக்கு மரக்காணம் என்றால் ஜன்னலில் ஓடும் வெள்ளைக் குவியல்கள்தான். இறங்கி வரப்பில் நடந்தால்தான் தண்ணீர் பாத்திக்குப் பாத்தி நிறம் மாறுவது தெரியும். கழியிலிருந்து வந்து தேங்கும் முதல் பரப்பு சாம்பல் பச்சை. அடுத்தடுத்த பாத்திகளில் அது தெளிந்துகொண்டே வருகிறது. உப்பு விளையும் கடைசிப் பாத்திக்கு வந்தால் செம்மண் கரைத்தது போல ஒரு மெல்லிய சிவப்பு.

நான் போனது ஒரு பங்குனி மதியம். அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் பாத்தியில் கையை விட்டு, இரண்டு விரல்களைத் தேய்த்துப் பார்த்து, “இன்னும் பதம் வரல தம்பி. கையில வழவழன்னு நிக்கணும்” என்றார். பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரி முடிந்து கொஞ்சம் தண்ணீர் மிச்சம் கிடந்தது. அதில் விரலை நனைத்து என்னிடம் நீட்டி, “நாக்குல வெச்சுப் பாரு” என்றார். முதலில் உப்பு. ஒரு நொடி கழித்து நாக்கின் அடியில் பேதிமருந்து போல ஒரு கசப்பு. “இத வெளிய தள்ளிடணும். இல்லேன்னா உப்பு கெட்டுடும்.”

அந்தக் கசப்புக்குப் பெயர் மெக்னீசியம். அவர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. ஒரு கரைசலில் என்ன இருக்கிறது என்பதை அதற்கென்றே உரிய ஓர் அடையாளத்தால் கண்டுபிடிப்பதைத்தான் வேதியியலில் பண்பறி பகுப்பாய்வு என்கிறார்கள். பிளஸ் டூ படித்தவர்களுக்கு அது ‘சால்ட் அனாலிசிஸ்’. சோதனை, உற்றுநோக்கல், அறிவன என்று மூன்று கட்டம் போட்டு ரெக்கார்டு நோட்டு எழுதியது நினைவிருக்கும். அந்த அம்மாவின் நாக்கில் மூன்று கட்டமும் ஒரே நொடியில் முடிந்துவிட்டன.

நாக்கிலிருந்து சோதனைக்குழாய்க்கு எப்படி வந்தோம் என்பதுதான் இந்த அத்தியாயம்.

*

முதலில் வெயில் செய்யும் பகுப்பாய்வைப் பார்த்துவிடலாம். அளத்தில் எல்லாரும் தண்ணீரை ‘டிகிரி’ சொல்லித்தான் பேசுகிறார்கள். இது வெப்பநிலை இல்லை, அடர்த்தி. அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்துக்கடைக்காரர் 1768-ல் செய்த மிதவைக் குழாயின் கணக்கு அது. கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி. வெயிலில் சுண்டச் சுண்ட எண் ஏறும். முதலில், கொஞ்சமாக இருக்கும் இரும்பும் சுண்ணாம்புக் கார்பனேட்டும் அடியில் தங்கும். 15 டிகிரியை ஒட்டி ஜிப்சம், அதாவது கால்சியம் சல்ஃபேட், பாத்தியின் அடியில் படியத் தொடங்கும். பத்துப் பங்குத் தண்ணீர் ஒரு பங்காகச் சுண்டி 25 டிகிரியைத் தொடும்போதுதான் நாம் சாப்பிடும் உப்பு பூக்கிறது. 29, 30 வரை வாரலாம். அதற்கு மேல் மிஞ்சுவது கசப்பு நீர்: மெக்னீசியம், பொட்டாசியம், புரோமைடு.

இந்த வரிசையை முதலில் கிரமமாக அளந்து எழுதியவர் உசிக்லியோ. 1849-ல், பிரான்சின் தென்கரையில், மத்தியதரைக் கடல்நீரை வைத்து. அவருடைய கணக்கு வங்காள விரிகுடாவுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். பொருந்தும். சேலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிக் கொண்டுவந்த நீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் உடைத்துப் பார்த்தார். 1884-ல் அவர் வெளியிட்ட முடிவு: உப்பின் அளவு இடத்துக்கு இடம் கூடலாம், குறையலாம், அதற்குள் இருக்கும் பொருள்களின் விகிதம் மட்டும் எங்கும் ஒன்றே. ஒரு கிலோ கடல்நீரில் குளோரைடு சுமார் 19 கிராம், சோடியம் 11-க்குச் சற்றுக் குறைவு, சல்ஃபேட் 2.7, மெக்னீசியம் 1.3, கால்சியமும் பொட்டாசியமும் ஆளுக்கு 0.4. மரக்காணத்துக் கடலும் மார்செய்க் கடலும் ஒரே பாகத்தில் வைத்த ரசம்.

ஆய்வகத்தில் மாணவன் ஒவ்வொரு வினைப்பொருளாகச் சேர்த்து ஒவ்வொரு தொகுதியாக வீழ்த்திப் பிரிக்கிறான். அளத்தில் அந்த வேலையை வெயில் பார்க்கிறது. வரப்புகள்தான் வடிதாள்.

*

இப்போது சோதனைக்குழாய். இந்தச் சோதனைகளை உருவாக்கியவர்கள் உப்புக்காக அவற்றை உருவாக்கவில்லை என்பது ஒரு வேடிக்கை. ஐரோப்பியப் பணக்காரர்கள் மூட்டுவலிக்கும் வயிற்றுவலிக்கும் குடித்த ‘மருத்துவ ஊற்று’ நீரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உருவானவை அவை. பதினேழாம் நூற்றாண்டிலேயே ராபர்ட் பாயில், நீரில் உப்பு கலந்திருக்கிறதா என்று பார்க்க வெள்ளி கரைத்த திராவகத்தைச் சொட்டுவிட்டுப் பார்த்தார். நூறாண்டு கழித்து, 1778-ல், ஸ்வீடனின் டோர்பெர்ன் பெர்க்மன் நீர் பகுப்பாய்வுக்கென்றே ஒரு நூல் எழுதினார். கடலுப்புக்கு வெள்ளி, கந்தக அமிலத்தின் உப்புகளுக்குப் பேரியம், சுண்ணாம்புக்கு ஆக்சாலிக் அமிலம். இன்று நம் பள்ளி ஆய்வக அலமாரியில் முன்வரிசையில் நிற்கும் புட்டிகள் ஏறக்குறைய பெர்க்மனின் புட்டிகள்தான். 1841-ல் ஃபிரசேனியஸ் என்ற ஜெர்மானிய இளைஞர் இவற்றையெல்லாம் வரிசைப்படுத்திப் பாடநூலாக்கினார். நாம் மனப்பாடம் செய்த ‘முதல் தொகுதி, இரண்டாம் தொகுதி’க்கு அவருக்குத்தான் நன்றியோ வசவோ சொல்லவேண்டும்.

மரக்காணத்திலிருந்து நான்கு தண்ணீர்பாட்டில்களில் நீர் எடுத்துக்கொண்டு, கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் நண்பரிடம் போனேன். 3 டிகிரி, 15 டிகிரி, 25 டிகிரி, கடைசியாக அந்த அம்மா வெளியே தள்ளச் சொன்ன 30 டிகிரி.

ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் நீர்க்கவைத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட்டார். கார்பனேட் ஏதாவது இருந்தால் அதுவும் வெள்ளியோடு சேர்ந்து வீழ்படிந்து நம்மை ஏமாற்றும். அமிலம் முதலில் அதைப் பொங்கவைத்து விரட்டிவிடும். பிறகு வெள்ளி நைட்ரேட் ஒரே ஒரு சொட்டு. சொட்டு விழுந்த இடத்தில் வெள்ளைப் புகை போல ஒன்று சுருண்டது. குழாயை ஆட்டியதும் திரிந்து, கட்டி கட்டியாக அடியில் இறங்கியது. ‘தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு’ என்று பாடநூலில் எழுதியவர் உண்மையாகவே தயிர் உறைவதைப் பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும். அம்மோனியா கரைசல் விட்டதும் தயிர் முழுக்கக் கரைந்து நீர் பழையபடி தெளிந்தது. நான்கு பாட்டிலிலும் இதே கதை: குளோரைடு.

பேரியம் குளோரைடுக்கும் நான்கும் வெளுத்தன. அது திரியவில்லை, சுண்ணாம்புத் தண்ணீர் போல மாவாக நின்றது. அமிலத்துக்கும் அசையவில்லை: சல்ஃபேட்.

சுவாரஸ்யம் மூன்றாவது புட்டியில், அம்மோனியம் ஆக்சலேட்டில். கடல்நீர் மெல்லக் கலங்கியது. 15 டிகிரி நீர் நன்றாகவே வெளுத்தது. 25 டிகிரி நீரில் கலங்கல் குறைந்துபோயிற்று. 30 டிகிரியில் குழாயை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துத் தேடவேண்டியிருந்தது. கால்சியம் வழியிலேயே ஜிப்சமாக இறங்கிவிட்டது! நான்கு குழாய்களையும் தாங்கியில் வரிசையாக நிறுத்தினால், வெயில் நடுப்பாத்தியில் என்ன செய்தது என்பதற்கு அவையே சாட்சி.

அந்தக் கணக்கை மெக்னீசியம் தலைகீழாக்கியது. சோடியம் ஹைட்ராக்சைடு விட்டபோது கடைசி பாட்டில் நீர் ஜவ்வரிசிக் கஞ்சி போலத் திரண்டது. மக்னீசன் என்ற சாயம் சேர்த்ததும் கஞ்சி முழுக்க நீலம். நான் நாக்கில் கசப்பாக உணர்ந்தது குழாயில் நீலமாக நின்றது.

விரலில் பட்ட வெள்ளி நைட்ரேட் மறுநாள் கறுத்தது. ஒரு வாரம் போகவில்லை. பள்ளிக்கூட நாளில் இதைப் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிந்தோம்.

*

பெர்க்மனும் ஃபிரசேனியஸும் அந்த நூல்களை எழுதியபோது, கரைசலில் தனித்தனி அயனிகள் இருக்கின்றன என்ற கருத்தே இல்லை. அந்தச் சொல்லை ஃபாரடே புழக்கத்துக்குக் கொண்டுவந்தது 1834-ல், மின்பகுப்பு ஆய்வுக்காக. உப்பு நீரில் கரைந்த உடனேயே தானாகப் பிரிந்து தனித்தனி அயனிகளாகிவிடுகிறது என்று ஸ்வீடனின் ஸ்வாந்தே அரீனியஸ் 1884-ல் முனைவர் பட்ட ஆய்வேட்டில் சொல்லத் தொடங்கினார். ஆய்வேட்டுக்குக் கிடைத்தது மட்டமான மதிப்பெண். 1903-ல் அதே ஆளுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதுவரை பகுப்பாய்வு செய்தவர்களுக்கு ஒரு தீராத தலைவலி. நீரில் சுண்ணாம்பு இருக்கிறது, மெக்னீசியம் இருக்கிறது, சல்ஃபேட் இருக்கிறது, குளோரைடு இருக்கிறது, சரி. இதில் யாருக்கு யார் ஜோடி? சுண்ணாம்புக்கு சல்ஃபேட்டா, மெக்னீசியத்துக்கு சல்ஃபேட்டா? ஆளுக்கொரு பொருத்தம் பார்த்து அறிக்கை எழுதினார்கள். கரைசலுக்குள் யாரும் யாருக்கும் ஜோடி இல்லை, எல்லாரும் தனியாள்தான், நீர் வற்றும்போதுதான் கல்யாணம் என்று அரீனியஸ் சொன்ன பிறகே அந்தப் பஞ்சாயத்து முடிந்தது. உப்புத் தொழிலின் சோதனை அறிக்கைகளில் மட்டும் ‘மெக்னீசியம் குளோரைடு இத்தனை சதவீதம்’ என்ற பழைய ஜோடி எழுத்து இன்னும் தொடர்கிறது.

ஃபாரடேயின் ‘அயான்’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கிரேக்கத்தில் அதற்கு ‘செல்வது’ என்று பொருள். நாம் உத்தராயணம், தட்சிணாயனம் என்கிறோமே, அந்த அயனமும் செல்வதுதான். இரண்டுக்கும் வேர் ஒன்று. தமிழில் ‘அயனி’ என்று எழுதியவர் ஒலியைப் பார்த்து எழுதினாரோ, பொருளையும் பார்த்து எழுதினாரோ, சொல் கச்சிதமாக அமைந்துவிட்டது.

*

நம் கடற்கரைக்கு இந்தப் புட்டிகள் வந்த காரணம் ஊற்று நீர் அல்ல. ஒன்று விஷம், மற்றொன்று வரி. மதராஸில் ரசாயனப் பரிசோதகரின் ஆய்வகம் 1849-ல் தொடங்கியது, மரண வழக்குகளில் விஷம் தேட. உப்பிலோ, 1805 முதலே மதராஸ் மாகாணத்தில் அரசின் ஏகபோகம். 1876-ல் மதராஸ் உப்புக் கமிஷன் அறிக்கை தந்தது. 1877-ல் ராட்டன் என்ற ராணுவ மருத்துவர் சாதாரண உப்பைப் பற்றி மட்டுமே ஒரு கைநூல் எழுதி மதராஸில் வெளியிட்டார். தாது வருஷப் பஞ்சம் உச்சத்தில் இருந்த அதே 1877. 1889-ல் மதராஸ் உப்புச் சட்டம்.

இதற்கு நடுவில் இன்னொரு தேதியையும் செருகவேண்டும். 1875-ல் ‘கெமிஸ்தம்’ என்ற பெயரில் ரசாயன நூல் தமிழில் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் நடத்திய மொழிபெயர்ப்புப் பணியில் விளைந்தது அது. உப்புக் கமிஷனின் ஆங்கில அறிக்கைக்கு ஓராண்டு முன்னதாகவே தமிழில் ரசாயனம் படிக்க நூல் இருந்தது. உப்பு வாரியவர்கள் கைக்கு அது போகவில்லை என்பது வேறு விஷயம்.

வரிக்கும் ரசாயனத்துக்கும் என்ன தொடர்பு? எடை. 1888-ல் 82 பவுண்டுக்குச் சற்று மேற்பட்ட இந்திய மணங்குக்கு வரி இரண்டரை ரூபாய். மெக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் பிறவி. ஐப்பசி பிறந்ததும் நம் வீட்டுக் கல் உப்பு ஜாடி வியர்த்து, அடியில் தண்ணீர் கட்டி, அகப்பையில் ஒட்டுகிறதே, அது அந்த அயனியின் வேலை. கசப்பு நீரைச் சரியாகக் கழிக்காத உப்பு கிடங்கில் ஈரம் குடித்து எடை கூடும், பின் கசிந்து எடை குறையும். இரண்டுமே கணக்கப்பிள்ளைக்குத் தலைவலி. சுத்தமான உப்பு வேண்டுமென்ற அக்கறையில் ஒரு பாதியாவது வரிக்கணக்கின் அக்கறை என்பது என் கட்சி.

*

கசப்பு நீரை விட்டு நகர்வதற்கு முன் ஒரு பிரெஞ்சுக் கதை. 1826, மான்பெலியே நகரம். அந்துவான் பலார், வயது 24. கடற்பாசிச் சாம்பலிலும் உப்பளத்துக் கழிவுநீரிலும் அயோடின் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். சோதனை எளிது: மாவுச்சத்துக் கரைசலைச் சேர்த்து, குளோரின் நீரை மேலே மெல்ல விடவேண்டும். அயோடின் இருந்தால் நீலம். நீலம் வந்தது. அதற்கு மேலே யாரும் கேட்காத மஞ்சள் படலம் ஒன்றும் வந்தது. அதை விடாமல் துரத்திப்போய்ப் பிடித்ததுதான் புரோமின். ஜெர்மனியின் பெரும் வேதியியலாளர் லீபிக்கிடம் அதற்கு முன்பே ஓர் உப்பு ஊற்றிலிருந்து அதே திரவம் வந்திருந்தது. ‘அயோடின் குளோரைடு’ என்று சீட்டு ஒட்டி வைத்துவிட்டார். பின்னாளில் அந்தப் புட்டியைத் தன் ‘தவறுகளின் அலமாரி’யில் வைத்துக்கொண்டாராம்.

நண்பர் 30 டிகிரி நீரில் குளோரின் நீரும் குளோரோஃபார்மும் விட்டுக் குலுக்கினார். அடியில் இறங்கிய குளோரோஃபார்ம் ஆரஞ்சு மஞ்சளாக நின்றது. பலார் பார்த்த மஞ்சள், மரக்காணத்துப் பாத்தியிலிருந்து.

அயோடினுக்கான நீலம் மட்டும் வரவேயில்லை. இங்கேதான் பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: கடலுப்பு என்றால் அயோடின் தானாகவே இருக்கும் என்று. கடல்நீரில் அயோடின் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கடற்பாசி அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்; உப்புப் படிகம் சேர்க்காது. பாத்தியில் வாரிய கல் உப்பில் கழலை நோயைத் தடுக்கும் அளவுக்கு அயோடின் கிடையாது.

இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் மருத்துவ விஞ்ஞானி ராமலிங்கசுவாமியும் சகாக்களும் நடத்திய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழலை குறையும் என்று காட்டியது. 1962-ல் தேசியத் திட்டம். பிறகு நாடு முழுவதும் எல்லார் உப்பிலும் அயோடின் என்ற கொள்கை, அயோடின் சேராத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கத் தடை, 2000-ல் தடை நீக்கம், 2006-ல் மறுபடி தடை என்று இழுபறி. நெடுநாள் இருந்த விதி: உற்பத்தி இடத்தில் பத்து லட்சத்தில் 30 பங்கு, வீட்டுக்கு வரும்போது 15 பங்குக்குக் குறையாமல். ஒரு டன் உப்புக்கு ஏறத்தாழ 50 கிராம் பொட்டாசியம் அயோடேட் போதும்.

போதும் என்று சொல்லிவிடலாம். சேர்ந்திருக்கிறதா என்று யார் பார்ப்பது? ஆய்வகத்தில் தயோசல்ஃபேட் தரம்பார்த்தல் இருக்கிறது. அதைச் சமையலறைக்குக் கொண்டுபோக முடியாது. அந்த இடைவெளியை நிரப்பியது சென்னை. எம்.பி.ஐ. கிட்ஸ் நிறுவனம் தயாரித்த, உள்ளங்கையில் அடங்கும் சிறு புட்டிகளை யூனிசெஃப் பல நாடுகளுக்கு வாங்கி அனுப்பியது. புட்டிக்குள் மாவுச்சத்து, கொஞ்சம் அயோடைடு, கொஞ்சம் அமிலம். உப்பின் மேல் சொட்டு விட்டால் அயோடேட்டும் அயோடைடும் அமிலத்தில் சந்தித்து அயோடினாக விடுபடும். மாவுச்சத்து அதைப் பிடித்து நீல ஊதாவாக்கும். 1814-லேயே பிரான்சில் கண்டுசொன்ன அதே நீலம்தான். சென்னையில் அது சட்டைப்பையில் அடங்கிவிட்டது.

1998-99 தேசியக் குடும்பநல ஆய்வில் வீடு வீடாகப் போனவர்கள் சமையலறை உப்பையும் சோதித்தார்கள். நாட்டில் பாதி வீடுகளில்கூட இல்லை; 49 சதவீதத்தில்தான் போதிய அயோடின் இருந்தது. மிகத் தாழ்ந்து நின்ற மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. காரணம் தெரிந்ததுதானே! அளம் பக்கத்தில் இருக்கிறது. கல் உப்பு வாசலுக்கே வருகிறது. நாக்குக்கும் அதுதான் பழக்கம். மலைநாட்டார் பாக்கெட் உப்பு வாங்கியபோது நாம் படியில் அளந்து வாங்கினோம். அயோடின் தெளிக்கும் இயந்திரம் வைக்க முடியாத சிறு அளக்காரர்களின் பாடு தனி. அந்த நீலம் வராவிட்டால் அவர்கள் உப்பு சாப்பாட்டுக்கு விற்பனையாகாது. தோலுக்கும் கருவாட்டுக்கும் போகும், விலையும் அதற்கேற்றபடி. விதி சரியென்றே நினைக்கிறேன். இயந்திரத்தை அளத்துக்குப் பொதுவாக வைத்துக் கொடுத்திருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும்.

1930 ஏப்ரலில் வேதாரண்யத்தில் ராஜாஜி வாரிய பிடி உப்பில் என்ன அயனி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கதைக்கு அடுத்த வாரம் வருகிறேன்.

அதற்குள் ஒன்று செய்துபாருங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே வீட்டுச் சோதனையாகச் சொல்லியிருப்பதுதான். ஓர் உருளைக்கிழங்கை நறுக்கி, வெட்டிய முகத்தில் உங்கள் வீட்டு உப்பைத் தடவி ஒரு நிமிடம் விடுங்கள். மேலே எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு. மாவுச்சத்து கிழங்கில் இருக்கிறது, அமிலம் பழத்தில் இருக்கிறது. நீலம் வந்தால் அயோடின் உண்டு. வராவிட்டால் அடுத்த முறை கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

(தொடரும்)